தையல் வகுப்புக்கு வந்த கூட்டம்

மணியும் சாவியும்

சமூக நலப் பணிக்கு இப்போது கல்லூரியில் பட்டம் கொடுக்கிறார்கள். நான் சேர்ந்தபோது ஒரு சாவிக்கொத்தும் ஒரு பித்தளை மணியும் கொடுத்தார்கள். மணி எதற்கு என்று கேட்டேன்.

"வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு" என்றார் செயலாளர் சேஷாத்ரி.

என்ன வகுப்பு என்று அவருக்கும் அன்று தெரியாது.

1944-இல் பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததே, அதற்கு அடுத்த வருடம் அது. துறைமுகத்தை ஒட்டிய சால்களில், அதாவது வரிசை அறைகள் கொண்ட பழைய மாடிக் கட்டடங்களில், குடியிருந்த கூலிக் குடும்பங்கள் பல அந்தத் தீயில் வீடிழந்தன. அவர்களில் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் தாராவியில் இருந்த சொந்தக்காரர்களைத் தேடி வந்தார்கள். சொந்தக்காரர்களின் குடிசைகளில் ஏற்கெனவே கால் நீட்ட இடமில்லை. வந்தவர்கள் மாஹிம் போகும் சாலையின் ஓரத்தில், புட்பாத்தில், சாக்குத் தடுப்பு கட்டிக்கொண்டு தங்கினார்கள். ஒரு மழைக்காலம் போனது. அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

பக்கத்து வட்டாரமான மாட்டுங்காவில் சில தமிழ்ப் பெரிய மனிதர்கள் கூடி ஒரு கமிட்டி அமைத்தார்கள். தாராவி ஓரத்தில் மூடிக் கிடந்த ஒரு தோல் கிடங்கைப் பிடித்து, வீடில்லாதவர்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் ஒரு சமூக நிலையம் என்று திறந்தார்கள். கிடங்குக்கு வெள்ளையடித்தார்கள். கட்டடம் வெள்ளையானது. வாசனை அப்படியே இருந்தது.

நிலையத்தில் ஒரு வாசகசாலை, ஒரு ஹார்மோனியம், ஒரு கேரம் போர்டு, மூன்று தையல் மிஷின்கள். வாசலில் பெரிய பலகை. இங்கே உறங்கக் கூடாது, சமைக்கக் கூடாது, துணி உலர்த்தக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. என்ன செய்யலாம் என்று எழுதப் பலகையில் இடம் போதவில்லை.

என்னை வேலைக்கு எடுத்ததற்குக் காரணம், நான் மெட்ரிக் பாஸ் செய்திருந்தேன், தையல் பரீட்சையும் எழுதியிருந்தேன், மாட்டுங்காவிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருந்தேன். அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல் என்று அனுப்பினார்கள்.

நான் பெண் என்பதால் கமிட்டி ஒரு சலுகை செய்தது. கிடங்கின் பின்புறம், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவர்கள் உடம்பு கழுவிக்கொள்ள இரண்டு மோரிகள் இருந்தன. மோரி என்றால் பம்பாயில் தண்ணீர் புழங்கும் சின்ன அறை. ஒவ்வொன்றிலும் ஒரு முனிசிபாலிட்டி குழாய். அவற்றுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டு, "உனக்கு சௌகரியமா இருக்கும், அலமேலு" என்றார் சேஷாத்ரி. நல்ல மனிதர். நிலையத்தில் எல்லாருக்கும் உண்மையாகவே பயன்பட்ட ஒரே காரியத்தைத் தெரியாமல் செய்தவர் அவர்தான்.

முதல் வாரம் வாசகசாலைக்கு வந்தவர் பக்கத்துக் கிடங்குத் தோல் வியாபாரி ஒருவர் மட்டும். பேப்பரில் தோல் விலையைப் பார்ப்பார், போய்விடுவார். அவர் ஏழையும் இல்லை, வீடில்லாதவரும் இல்லை. இருந்தாலும் அட்டெண்டன்ஸில் ஒருவர் என்று எழுதினேன். மணியை தினமும் அடித்தேன்.

தண்ணி வருமா?

இரண்டாவது வாரம் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். சால் எரிந்தபோது ஒரு பித்தளைக் குடத்தையும் மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தவள்.

"இங்கன தையலு படிச்சுக் குடுக்காவளாமே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, உள்ளே வாங்கோ."

உள்ளே வந்தாள். மிஷின்களைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன ரூமு?"

"மோரி."

"தண்ணி வருமா?"

"காலையில வரும். சாயங்காலமும் கொஞ்ச நேரம் வரும்."

"கதவு இருக்கா?"

"இருக்கு."

"உள்ள தாப்பா?"

"தாழ்ப்பாளும் இருக்கு."

"அப்ப நான் தையலு படிக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை அவள் தன் மகள் வடிவையும் கூட்டிவந்தாள். கூடவே புட்பாத்தின் பாதிப் பெண்கள். எல்லார் கையிலும் மாற்றுச் சேலை இருந்தது. தையல் வகுப்புக்கு மாற்றுச் சேலை எதற்கு என்று நான் கேட்கவில்லை. மணியை அடித்தேன். அவர்கள் நேராகப் பின்பக்கம் போய் வரிசையில் நின்றார்கள்.

அந்த வாரமே ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. இரண்டு பேர் மோரிகளில் இருப்பார்கள், சிலர் அவற்றின் வாசலில் நிற்பார்கள், மற்றவர்கள் கூடத்தில் மிஷின்களைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்களிடம் நான் பாபின் எது, ஷட்டில் எது என்று சொல்லிக்கொடுப்பேன். மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். முறை வந்ததும் ஷட்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். குளித்து முடித்தவர்கள் நேராக வீட்டுக்கு, அதாவது புட்பாத்துக்கு, போய்விடுவார்கள். ஒருவரும் ஒரு கைக்குட்டை கூட தைக்கவில்லை.

கமிட்டிக்கு நான் அனுப்பிய ரிப்போர்ட்டில் வகுப்பின் கூட்டம் மட்டும் இருந்தது. சேஷாத்ரி நேரில் வந்து பாராட்டினார். அவர் சாயங்காலம் வருவார். அப்போது கூடம் காலியாக இருக்கும்.

"தாராவி ஸ்திரீகளுக்குத் தையல்ல இவ்வளவு ஆர்வம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை" என்றார்.

"நானும் நினைக்கலை சார்" என்றேன்.

வடிவு

பேச்சியம்மாளிடம் ஒருநாள் கேட்டேன். இங்கே வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று.

"என்ன செய்ய? கருக்கல்ல எந்திரிக்கணும். ரோட்டுக் குழாயண்ட ரெண்டு பேரு சேலையப் புடிச்சுக்கிடணும், ஒருத்தி குளிக்கணும். வெளிச்சம் வந்திட்டா கெடையாது. எதுத்தாப்புல லாரி ஷெட்டு. அங்கன உள்ள ஆம்பளயளுக்கு விடியுதத்துக்கு முன்னாலயே முழிப்பு வந்திரும். நாங்க வயசானவளுவ, போகட்டும். இவள என்ன செய்ய?"

இவள் என்றது வடிவை. பதினாறு வயது. சால் எரிந்ததற்குப் பிறகு அந்தப் பெண் பகலில் அதிகம் பேசுவதில்லை என்று அம்மா சொன்னாள். என்னிடம் பேசினாள். மற்றவர்களை விட அவள் மோரியில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வாள், வரிசையில் நிற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று நானும் கேட்டேன்.

"குளிச்சு முடிச்சிருவேன் டீச்சர். பொறவு சும்மா நிக்கேன்."

"சும்மா எதுக்கு?"

"உள்ள இருக்கும்போது என்ன யாரும் பாக்க முடியாதுல்லா. அதான்."

அவளுடைய அப்பாவுக்கு ஒரு திட்டம் இருந்தது. பெண்ணை ஊருக்கு அனுப்பி, தன் அக்காள் வீட்டில் விட்டு, அக்காள் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துவிடுவது. மாப்பிள்ளை இரண்டாம் தாரம் தேடுபவர். பேச்சியம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தெருவில் பெண்ணை வைத்துக் காப்பாற்ற முடியாது என்று புருஷன் சொன்னால் அவளிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருந்தது.

"கதவு வச்ச எடம் இருக்கு, டீச்சரம்மா பாத்துக்கிடுதாங்கன்னு சொன்னேன். பேசாம போயிட்டாரு" என்றாள்.

டீச்சரம்மா என்றது என்னை. இப்படி ஒரு பொறுப்பு என் தலையில் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூட்டு

பேப்பர் படிக்க வரும் தோல் வியாபாரி ஒருநாள் பேப்பரை எடுக்கவில்லை. அவர் முற்றத்தில் காயப்போட்டிருந்த தோல்களுக்கு அடியில் எங்கள் சோப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிடங்குக் காலத்தில் இரண்டு மூன்று பேர் கை கால் கழுவியதற்குப் போட்ட கால்வாய், இத்தனை பேர் குளிப்பதைத் தாங்கவில்லை. அவர் கோபப்படவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. நேராக மாட்டுங்கா போய்ச் சேஷாத்ரியிடம் சொன்னார்.

சேஷாத்ரி மறுநாள் காலையில் வந்தார். முதல் தடவையாகக் காலையில். பின்பக்கம் போனார், ஈரத் தலையுடன் வரிசையைக் கடந்து வந்த பெண்களைப் பார்த்தார், திரும்பி வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இது சமூக நிலையம், அலமேலு. ஸ்நானக் கட்டம் இல்லை."

"தெரியும் சார்."

"குழாய்க்கு முனிசிபாலிட்டி அனுமதி கொடுத்தது வாசகசாலைக்கு. இன்ஸ்பெக்டர் பார்த்தா கனெக்ஷனையே வெட்டிடுவான். அப்புறம் குடிக்கக்கூட தண்ணி கிடையாது."

அது உண்மை. அவர் பயந்தது வீண் பயம் இல்லை.

"அவா வேற எங்கே போவா சார்?"

"அதை கமிட்டி யோசிக்கணும். கமிட்டி கூடற வரைக்கும் பூட்டி வை."

அவரே ஒரு பூட்டு கொண்டுவந்திருந்தார். இரண்டு கதவுகளையும் சேர்த்து ஒரு சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மணியை அடித்தேன். ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சேஷாத்ரி வந்தார். மூன்று மிஷின்களும் நானும் மட்டும் கூடத்தில் இருந்தோம்.

"எங்கே போயிட்டா எல்லாரும்?"

"கதவு பூட்டியிருக்கு சார்."

"வகுப்புக் கதவு திறந்துதானே இருக்கு?"

"அந்தக் கதவு இல்லை சார்."

அவர் மிஷின்களைப் பார்த்தார். நான் அனுப்பிய ரிப்போர்ட்டுகள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஒரு மாதம் முழுக்கக் கமிட்டியில் அவற்றை வாசித்துக் காட்டியவர் அவர். குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். ஒரு பெண் நம் வீட்டு மோரியில் தினமும் குளித்துவிட்டுப் போகலாமா என்று. எந்தப் பெண் என்றார். வடிவைப் பற்றிச் சொன்னேன். கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். திரும்பச் சொன்னேன். அவர் பேப்பரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "சாப்பிட வா" என்று என்னைக் கூப்பிட்டாள். பதில் அவ்வளவுதான்.

மறுநாள் நான் புட்பாத்துக்குப் போனேன். பேச்சியம்மாள் சாக்குத் தடுப்புக்கு முன்னால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசியில் கல் நிறைய வந்த காலம்.

"வடிவு எங்கே?"

"அனுப்பியாச்சு."

"எங்கே?"

"ஊருக்கு. தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு போச்சு. அவுகளோட ரயிலேத்தி விட்டாரு." அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நான் என்ன சொல்லட்டும், டீச்சரம்மா? கதவு இருக்குன்னு சொல்லித்தான வாயடைச்சேன். இப்ப கதவு எங்கன்னு கேட்டாரு."

பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தலைவியின் வருகை

கமிட்டி கூடுவதற்கு முன்னால் கமிட்டியின் தலைவி வருவதாகச் செய்தி வந்தது. தையல் வகுப்பின் புகழைக் கேட்டு இன்னும் நான்கு மிஷின்கள் வாங்கித் தரலாமா என்று பார்க்க வருகிறார். மாட்டுங்காவில் பெரிய பங்களா. அதிகம் பேசாதவர் என்று பெயர். பேசாத தலைவிகளிடம்தான் செயலாளர்களுக்குப் பயம்.

சேஷாத்ரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு ஒருநாள் மட்டும் அவாளையெல்லாம் வரச் சொல்லேன்."

"நான் சொன்னா வரமாட்டா சார். கேட்டுச் சொல்றேன்."

போய்க் கேட்டேன். பெண்கள் கூடிப் பேசினார்கள். பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள். "வாரோம். மிஷினண்ட உக்காருதோம். ஆனா காலைல மொதல்ல பூட்டத் தொறக்கணும். அவுக போன பொறவு தொறக்கேன்னு சொன்னா நாங்க வரல."

இதைச் சேஷாத்ரியிடம் அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மாட்டிக்கொண்டு, "சரி" என்றார்.

அன்று காலை அவரே வந்து பூட்டைத் திறந்தார். பெண்கள் எல்லாரும் குளித்தார்கள். பிறகு வாக்குக் கொடுத்தபடியே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் நடு மிஷினில். தலைவி வந்தார். பருத்திச் சேலை, கையில் ஒரு சின்னப் பை. எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார்.

"எல்லாருக்கும் தலை ஈரமா இருக்கே?"

"சுத்தத்தைப் பத்தியும் சொல்லிக் கொடுக்கறோம்" என்றார் சேஷாத்ரி.

அது பொய் இல்லை என்று இன்று வரை நினைக்கிறேன்.

தலைவி மிஷின்களைப் பார்க்க வந்தார். பேச்சியம்மாள் சக்கரத்தைச் சுற்றினாள். காலால் மிதித்தாள். துணி நகர்ந்தது. ஊசி மேலும் கீழும் போய் வந்தது. தலைவி குனிந்து கிட்டத்தில் பார்த்தார்.

"ஊசியில நூல் கோக்கலையே?"

கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சேஷாத்ரியைப் பார்த்தேன். அவர் ஹார்மோனியத்தைப் பார்த்தார். பேச்சியம்மாள் மிதிப்பதை நிறுத்தினாள்.

"நூலு எதுக்கும்மா? நான் தைக்க வரல. குளிக்க வாரேன்."

"குளிக்கவா?"

"பின்னால ரெண்டு ரூமு இருக்கு. கதவு இருக்கு. நாங்க ரோட்டுல கெடக்கோம், எங்களுக்குக் கதவு கெடையாது. அதுக்குத்தான் எல்லாரும் வாரோம். எம் மவளும் வந்தா. நடுவுல பூட்டுப் போட்டாவ. அவள ஊருக்கு அனுப்பிட்டோம்." குரலை உயர்த்தவே இல்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னாள். "டீச்சரம்மா மேல தப்பில்ல. ஐயா மேலயும் நான் ஒண்ணும் சொல்லல. நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

தலைவி என்னைப் பார்த்து, "எங்கே அந்த ரூம்?" என்றார்.

கூட்டிப்போனேன். முதல் மோரிக்குள் போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. குழாய் திறக்கும் சத்தம் கூட இல்லை. நானும் சேஷாத்ரியும் வெளியே நின்றோம். பெண்கள் ஒவ்வொருவராக எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பழக்கத்தில் வரிசையாகவே நின்றார்கள். சேஷாத்ரி ஒரு தடவை என்னிடம் மெல்ல, "தட்டட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

கதவு திறந்தது. தலைவி வெளியே வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தாழ்ப்பாள் பாதிதான் விழறது" என்றார் சேஷாத்ரியிடம். "வெளியிலேர்ந்து தள்ளினா திறந்துக்கும். ரெண்டையும் மாத்தச் சொல்லுங்கோ."

"சரி."

"தண்ணி போற வழியும் சரியில்லை. பெரிய ஓடையா போட்டு ரோட்டுச் சாக்கடையில சேர்த்துடணும். மிஷின் வாங்க வெச்சிருந்ததை இதுக்கு வெச்சுக்கோங்கோ. இன்னும் ரெண்டு ரூம் கட்ட முடியுமான்னு பாருங்கோ."

"முனிசிபாலிட்டி அனுமதி..."

"நான் போய்க் கேக்கறேன்."

"கமிட்டி..."

"கமிட்டியில நான் சொல்றேன்."

போகும் முன் கூடத்துக்குத் திரும்பி வந்தார். நடு மிஷினில் உட்கார்ந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஊசியில் நூலைக் கோத்தார். "மிஷின் சும்மா இருக்க வேண்டாமேன்னுதான்" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனார். பேச்சியம்மாள் மரியாதைக்காக ஒரு வரி தைத்தாள். கோணலாக வந்தது.

பிறகு நடந்தது

ஓடை போட்டார்கள். தோல் வியாபாரி மறுபடி பேப்பர் படிக்க வந்தார். மோரிகள் நான்காயின. முனிசிபாலிட்டி அனுமதி தந்தது. தலைவி அங்கே எத்தனை தடவை போய் உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியாது. கமிட்டியின் பதிவுகளில் இந்த வேலை முழுவதும் "தையல் வகுப்பு விரிவாக்கம்" என்றுதான் இருக்கும். குளியலறை என்று எழுதினால் நன்கொடை தருபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது சேஷாத்ரியின் அபிப்பிராயம். அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். சில பெண்கள் உண்மையிலேயே தைக்கவும் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு நேரம்தான் சும்மா காத்திருப்பது?

தலைவி வந்து பூட்டு நிரந்தரமாகக் கழன்ற அன்றே பேச்சியம்மாள் புருஷனிடம் சண்டை போட்டுவிட்டு ரயிலேறினாள். வடிவைத் திருப்பிக் கூட்டிவர. வழியில் சாப்பிட நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கட்டிக்கொடுத்தோம். சில வாரம் கழித்து ஒரு காலையில் வரிசையில் நின்றிருந்தாள். தனியாக.

"கல்யாணம் முடிஞ்சிட்டு" என்றாள். "நான் போவதுக்கு முன்ன வெள்ளிக்கெழம."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆளு மோசமில்ல. குடிக்க மாட்டாரு. வீடு இருக்கு. வீட்டுக்குக் கதவும் இருக்கு." வரிசையில் ஒரு அடி முன்னால் நகர்ந்தாள். "ஆனா அவ எங்கிட்ட பேசல டீச்சரம்மா. நான் போன நாள்லேருந்து திரும்ப ரயிலேறுத நாள் வரைக்கும் பேசல."

அவள் முறை வந்தது. உள்ளே போனாள். அன்று நெடுநேரம் வெளியே வரவில்லை. வரிசையில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

நான் அந்த நிலையத்திலும் பிறகு வேறு நிலையங்களிலும் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தேன். இளையவர்கள் கேட்டால் நான் சொல்வது இது ஒன்றுதான். அந்தப் பூட்டு கிடந்தது பத்து நாள் கூட இருக்காது. கமிட்டிக் கணக்கில் அது மிக வேகம். அத்தனை சீக்கிரம் ஒரு முடிவு எடுத்ததாக அடுத்த கூட்டத்தில் பாராட்டுத் தீர்மானம்கூட நிறைவேற்றினார்கள், யாரும் அதில் பொய் சொல்லவில்லை. ஆபீஸில் ஓடும் நாளும் தெருவில் ஓடும் நாளும் ஒரே நீளம் இல்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் திறக்கக்கூடிய எந்தக் கதவையும் முதலில் திறந்துவிட்டுத்தான் அனுமதி கேட்டேன். அதற்காகப் பல மேலதிகாரிகளிடம் மெமோ வாங்கியிருக்கிறேன். முன் அனுமதி பெறாததற்குக் காரணம் என்ன என்று கேட்டிருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் எழுதினேன்: ஆட்கள் காத்திருந்தார்கள்.